ஒருத்தன் உட்கார்ந்தால்

ஜூலை 8, திங்கள்

இன்னாசி சார் இன்று என்னைக் கேப்டன் ஆக்கினார். கூடவே ஒரு டைரியும் கொடுத்தார். போன வருஷத்து டைரி, ஏதோ உரக்கடை இனாமாகக் கொடுத்தது, அட்டையில் வாழைத்தார் படம். தேதிக்கும் கிழமைக்கும் சம்பந்தமில்லை, நான்தான் அடித்துத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்.

"கேப்டன்னா டெய்லி எழுதணும்டா பூபதி. யாரு வந்தான், யாரு வரல, யாருக்கு எங்க வலி, எல்லாத்தையும் எழுது. சீசன் முடியவும் வாங்கிப் பாப்பேன்" என்றார். அவர்தான் எங்கள் கல்லூரிக்குப் பி.டி., கூடைப்பந்துக்குக் கோச், ஹாஸ்டலில் சண்டை வந்தால் போலீஸ். எனக்கு முந்தைய கேப்டன்களுக்கும் இதையேதான் சொன்னாராம். ஒருவரிடமும் வாங்கிப் பார்த்ததில்லையாம். அதனால் தைரியமாக எழுதலாம்.

என் உயரம் ஐந்தடி ஏழு. கூடைப்பந்தில் இந்த உயரத்துக்கு இரண்டு வேலைதான் உண்டு. ஒன்று, பந்தைக் கொண்டுபோய் உயரமானவன் கையில் கொடுப்பது. இன்னொன்று, ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவது. நான் முதல் வகை. இது எனக்குக் கடைசி வருஷம். இந்த சீசனில் ஏதாவது டிபார்ட்மென்ட் டீம் கண்ணில் பட்டால் அரசாங்க வேலை. படாவிட்டால் தேனியில் மாமாவின் டைல்ஸ் கடை. மாமா இப்போதே எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறார்.

ஜூலை 11, வியாழன்

புதுப் பையன் வந்திருக்கிறான். பவுன்ராஜ், வருசநாடு. ஆறடி ஏழு அங்குலம். ஹாஸ்டல் அறை நிலைப்படியில் வந்ததும் ஒரு முட்டு, போகும்போது ஒரு முட்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, அதாவது ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலுக்கும் பணம் கேட்பதில்லை, மெஸ்ஸிலும் சாப்பாடு சும்மா. ஆட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னாசி சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். பவுன் நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினால் வலையைத் தொடுகிறான். விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய். பந்தை ஒரு கையில் ஆரஞ்சு பிடிப்பதுபோல் பிடிக்கிறான். சோடாபுட்டிக் கண்ணாடி, எலாஸ்டிக் போட்டுத் தலைக்குப் பின்னால் கட்டியிருக்கிறான். சட்டையைக் கழற்றினால் நெஞ்சு நடுவில் குழிந்திருக்கிறது. எங்கள் டீம் சகாயம் அதைப் பார்த்துவிட்டு, "மெஸ்ல தட்டு பத்தலன்னா இவன் நெஞ்சுல சாம்பாரை ஊத்திச் சாப்டலாம்டா" என்றான். பவுனும் சேர்ந்து சிரித்தான்.

"உங்க வீட்ல எல்லாருமே ஒசரமா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா என்னைய விட ஒசரம்ண்ணே. நான் ஏழாவது படிக்கைல செத்துட்டாரு. தோப்புல தேங்கா சொமந்துக்கிட்டு இருக்கும்போது அப்படியே விழுந்துட்டாரு. வெயிலு தாங்கலன்னு சொன்னாங்க."

அவன் காலுக்கு ஷூ தேனியில் இல்லை. மதுரையில் சொல்லி வைத்திருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

பவுன் இன்று பயிற்சி நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் உட்கார்ந்தால் மற்ற எல்லோரும் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும். உட்கார்ந்தவன் ஓடக் கூடாது. அவனை எழுந்திருக்கவே விடமாட்டோம். உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் அவனுக்குத் தண்டனை. நான் முதல் வருஷத்தில் ஒரே ஒரு முறை உட்கார்ந்தேன். சீனியர்கள் வாயில் நுரை தள்ள ஓடியதைப் பார்த்தபின் கால் முறிந்தாலும் உட்காரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஓடினோம். பவுன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உக்காந்து பாருடா, தலைய நிமித்து" என்று ஒவ்வொரு சுற்றிலும் கத்தினேன். கேப்டன் என்றால் கத்த வேண்டும்.

ஆகஸ்ட் 2

மெஸ்ஸில் மறுபடியும் தக்காளி சாதம். வாரத்தில் எத்தனை கிழமை உண்டோ அத்தனை தக்காளி சாதம். பவுன் மட்டும் மூன்று தட்டு சாப்பிட்டான். வீட்டில் ராத்திரிக்குக் கஞ்சிதானாம்.

ஆகஸ்ட் 14, புதன்

சுதந்திர தினத்துக்காக கோர்ட்டைக் கூட்டச் சொன்னார்கள். நாங்கள் கூட்ட, பவுன் ஏணியில்லாமல் தோரணம் கட்டினான். எங்கள் ப்ரின்ஸிபல் அதை நின்று வேடிக்கை பார்த்தார்.

போன வாரம் அவன் இரண்டு தடவை உட்கார்ந்தான். டீமே அவன்மேல் கடுப்பில் இருக்கிறது. நான் தனியாகக் கூப்பிட்டுக் காய்ச்சினேன். "ஒசரம் இருந்தா போதுமாடா? மூச்சு வேணும். உன்னால நாங்க நாய் மாதிரி ஓடுறோம்" என்றேன். "இனிமே உக்கார மாட்டேண்ணே" என்றான். அதன்பிறகு உட்காரவில்லை. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறான், உதடு கொஞ்சம் வெளிறியிருக்கிறது, ஆனால் உட்காருவதில்லை. எங்கள் வைத்தியம் வேலை செய்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

சோனல் கோப்பை எங்களுக்கு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

நான் பந்தை மேலே வீசிவிட வேண்டியது, அவன் அந்தரத்தில் பிடித்துக் கூடையில் போட வேண்டியது. எதிரணிப் பையன்கள் அவன் அக்குளுக்குக் கீழே நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் குதித்தார்கள். ஊர்வலமாக வந்தோம். பவுனைத் தோளில் தூக்கலாம் என்று பார்த்தோம், மின்கம்பி இடிக்கும் என்று சார் விடவில்லை.

அடுத்த மாதம் திண்டுக்கல்லில் இன்டர் சோனல். அதில் செமி ஃபைனல் வரை போனால் சென்னையிலிருந்து ஒரு டிபார்ட்மென்ட் டீமின் கோச் பார்க்க வருகிறாராம். அவர்களுக்குப் பந்து கொண்டுபோகும் ஆள் தேவையாம். அதாவது என் மாதிரி ஒருத்தன்.

செப்டம்பர் 20

கல்லூரியில் ரத்ததான முகாம். கூட்டம் சேராவிட்டால் முதலில் பிடிப்பது விளையாட்டுப் பையன்களைத்தான். வரிசையாகப் படுத்தோம். பவுனை மட்டும் டாக்டரம்மா எழுப்பி விட்டுவிட்டார். நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு இன்னாசி சாரைக் கூப்பிட்டு, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சுக்கு எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். ரத்தம் கொடுக்கப் பயந்து நடிக்கிறான் என்று பையன்கள் ஓட்டினார்கள்.

சாருக்கு யுனிவர்சிட்டி மீட்டிங். "நீ கூடப் போயிட்டு வாடா" என்று என்னிடம் ஒப்படைத்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

விடியற்காலை பஸ். டோக்கன், வரிசை, இன்னொரு டோக்கன், இன்னொரு வரிசை. படுக்கையில் பவுனின் கால் முழங்காலோடு வெளியே தொங்கியது.

டாக்டருக்கு என் அப்பா வயது இருக்கும். பவுனிடம் கட்டை விரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடச் சொன்னார். கட்டை விரல் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நானும் சும்மா செய்து பார்த்தேன். எனக்கு ஏறவில்லை. "அப்பா எப்படி இறந்தாரு?" என்று கேட்டார். பவுன் சொன்னான். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. "ஹார்ட்ல இருந்து கெளம்புற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்குப்பா. பழைய சைக்கிள் டியூப்ல ஒரு எடம் மட்டும் பொடைச்சுக்கிட்டு நிக்கும்ல, அந்த மாதிரி. எப்ப வேணாலும் கிழியலாம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். இன்னும் வீங்கிச்சுன்னா ஆபரேஷன் பண்ணணும்."

"பேஸ்கட்பால் ஆடலாமா சார்?" என்று கேட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

அவர் கோபப்படவில்லை. "இவன் இவ்வளவு ஒசரம் வளந்ததே அந்தக் கோளாறாலதான் தம்பி. அந்த ஒசரத்தைப் பாத்துத்தான் நீங்க டீம்ல சேத்திருக்கீங்க" என்றார்.

மாத்திரை சும்மா கொடுத்தார்கள். ஒரு காக்கிக் கவர் நிறைய.

பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. அவன்தான் ஆரம்பித்தான். "ஆடலைன்னா சீட்டு போயிரும்ண்ணே."

"உசிரு போயிரும்டா."

"அதெல்லாம் சொல்லுவாங்கண்ணே. இன்டர் சோனல் மட்டும் முடியட்டும். அதுல ஆடிட்டா இந்த வருஷம் சீட்டைப் புடுங்க மாட்டாங்க. பாதி வருஷம் ஓடிரும். சாரிட்ட மட்டும் சொல்லிராதீங்க. எங்கம்மா மேல சத்தியம் பண்ணுங்க."

அவன் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. சத்தியம் செய்தேன். அவனுக்காகத்தான் செய்தேன்.

செப்டம்பர் 25

"என்னடா சொன்னாங்க?" என்று சார் கேட்டார். "ரிப்போர்ட் வர நாளாகுமாம் சார்" என்றேன். 

பவுன் இல்லாமல் நாங்கள் திண்டுக்கல்லில் முதல் மேட்சிலேயே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதைச் சும்மா எழுதி வைக்கிறேன். நான் சத்தியம் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

பவுன் ஆட வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அதனால் அவன் நின்றால் போதும். கூடைக்குப் பக்கத்தில் போய்ப் பனைமரமாக நிற்க வேண்டியது. நான் பந்தை அவனுக்குக் கொடுக்கவே போவதில்லை. பந்து வராவிட்டால் குதிக்க வேண்டாம், குதிக்காவிட்டால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. பேப்பரில் அவன் பெயர் ஆடியவர்கள் பட்டியலில் இருக்கும், சீட்டும் இருக்கும்.

அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஷூ கயிற்றையே கட்டிக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து வந்த புது ஷூ. "பந்தே வராட்டி நான் எதுக்குண்ணே அங்க?" என்றான்.

"சீட்டுக்குடா."

"சரிண்ணே" என்றான்.

பயிற்சியில் அவனுக்கு ரவுண்ட் ஓட்டம் வராமல் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது சாக்கு சொல்லி அவனைப் பந்துக்குக் காற்றடிக்க அனுப்புகிறேன். எங்கள் பந்துகள் இவ்வளவு காற்றோடு எப்போதும் இருந்ததில்லை.

அக்டோபர் 9, புதன், திண்டுக்கல்

முதல் மேட்ச் ஜெயித்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. பவுனுக்கு மூன்று பெஞ்ச். மாத்திரை போட்டானா என்று கேட்டேன். போட்டானாம். ஜெர்ஸியை நானே துவைத்துக் காயப் போட்டேன், அவனுடையதையும் சேர்த்து.

அக்டோபர் 10, வியாழன், திண்டுக்கல்

செமி ஃபைனலும் ஜெயித்தோம். நடந்ததை நான் நடந்தபடியே எழுதுகிறேன்.

பவுன் சும்மா நின்றாலும் எதிரணிக்குத் தெரியாதே. பயந்துபோய் இரண்டு பேர் அவனை ஒட்டிக்கொண்டே நின்றார்கள். நடுவில் வழி திறந்து கிடந்தது. நான் பந்தோடு நேரே உள்ளே போனேன், போட்டேன். மறுபடி போனேன், மறுபடி போட்டேன். என் வாழ்க்கையில் இத்தனை பாயிண்ட் எடுத்ததில்லை. ஐந்தடி ஏழு அங்குல ஆளுக்குக் கூட்டம் விசில் அடித்தது.

பவுன் நான்கைந்து தடவை கையை நீட்டினான். நான் பார்க்காததுபோல் இருந்தேன். இன்னாசி சார் வெளியிலிருந்து, "பவுனுக்குக் குடுடா, பவுனுக்குக் குடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். முடிந்தபின் சகாயம் என் காதில் விழும்படியே சொன்னான். "கேப்டனுக்குப் பேப்பர்ல பேரு வரணுமாம்டா. நாமெல்லாம் சும்மா எடுபிடி."

அவனுக்கு என்ன தெரியும். வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. அவன் முகத்தில் ஒன்று வைக்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவைக் கழற்றினேன்.

சென்னை கோச் வந்திருந்தார். என் பெயரை விசாரித்தாராம். சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தது என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி, திண்டுக்கல்

ஃபைனலில் தோற்றுவிட்டோம். அது பெரிதில்லை.

முதல் பாதி நேற்று மாதிரியேதான் போனது. எதிரணி ஆட்கள் பவுனைப் பார்த்து "மரம், மரம்" என்று கத்த ஆரம்பித்தார்கள். கேலரியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது குவார்ட்டர் பாதியில் எங்கள் பந்து ஒன்று தவறி வளையத்தில் பட்டு எழும்பியது. பவுன் எகிறினான். இரண்டு பேர் தலைக்கு மேல் அதைப் பிடுங்கி, அங்கேயே கூடைக்குள் அழுத்தினான். உடனே திரும்பி ஓடி, அந்தப் பக்கம் அவர்கள் போட்ட பந்தை நடு வானில் தட்டிப் பறித்து, தானே தட்டிக்கொண்டு கோர்ட் முழுக்க வந்து மறுபடி போட்டான். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. மரம் என்று கத்தியவனெல்லாம் கை தட்டினான்.

யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். அதை நான் ரசித்தேன். டாக்டர் ஞாபகமே வரவில்லை. அடுத்த பந்தை நானே அவனுக்குக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஆடினான், ஜூலையில் வந்தபோது சிரித்த மாதிரி.

பிறகு ஒரு ஃப்ரீ த்ரோவுக்காக எல்லோரும் நின்றோம். அவன் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். ஒரு கை நெஞ்சுக்குப் போனது. முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஓடிப்போனேன்.

"உக்காருடா" என்றேன்.

"வேணாம்ண்ணே."

"உக்காருடா பவுனு, சொல்றேன்ல."

"உக்காந்தா எல்லாரும் ஓடணும்ண்ணே" என்றான்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நேராக சாரிடம் போய், மதுரையில் டாக்டர் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சார் உடனே டைம் அவுட் கேட்டு, பவுனை வெளியே கூட்டி வந்து பெஞ்சில் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார், ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. கோச் இல்லாமல், பவுன் இல்லாமல் ஆடினோம். ஆடி முடித்தோம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பலாம் என்றார்கள். குழாய் கிழியவில்லை. இனிமேல் ஆட்டம் என்ற பேச்சே கூடாது என்று அங்கேயும் சொன்னார்கள்.

சகாயம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அக்டோபர் 14

இன்னாசி சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஜூலையில இருந்து அவனை எத்தனை தடவை ஓட விட்டிருப்பேன்டா" என்று மட்டும் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பந்து வைக்கும் அலமாரியைப் பார்த்துக் கேட்டார்.

அக்டோபர் 22, செவ்வாய்

பவுனின் சீட்டு விஷயமாகக் கல்லூரிச் செயலாளர் அறைக்கு சார் போனார். நானும் வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது.

செயலாளர் கெட்டவர் இல்லை. நல்லபடியாகத்தான் பேசினார். "பையனைப் பாத்தா எனக்கும் பாவமா இருக்கு சார். ஆனா ஸ்போர்ட்ஸ் சீட்டுன்னா ஆடுறவனுக்குத்தான். இருக்கிறதே கொஞ்ச சீட்டு. ஆடாதவனுக்குக் குடுத்தா, ஆடிட்டு வெளிய நிக்கிறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஃபீஸ் கட்டிப் படிக்கட்டும், யாரு வேணாம்னா?"

"ஸ்கோர் எழுதட்டும் சார். டீம் மேனேஜரா போட்டுக்கிறேன்" என்றார் சார்.

"அதுக்கு சீட்டு கெடையாதே சார்."

நாங்கள் ஆட வைத்துக் கொல்லப் பார்த்தோம். இப்போது ஆடாததற்கு அனுப்புகிறோம். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள்.

நவம்பர் 6, புதன்

தீபாவளிக்கு ஊருக்குப் போன பவுன் திரும்பி வந்தான். ஹாஸ்டலில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள், அதனால் நாங்கள் அவனை எங்கள் அறையிலேயே வைத்திருக்கிறோம். மெஸ் சாப்பாட்டை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டு வருகிறோம். சகாயம்தான் தினமும் அதிகம் கொண்டு வருகிறான். ஆறடி ஏழு ஆளை ஒளித்து வைப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. வார்டன் வந்தால் கட்டிலுக்கு அடியில் போகச் சொல்கிறோம். கால் வெளியே நிற்கிறது. கால்மேல் துண்டைப் போட்டு, ஜெர்ஸி காய்கிறது என்கிறோம்.

நவம்பர் 15

வார்டன் துண்டை எடுத்துவிட்டார்.

நவம்பர் 16, சனி

பவுன் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும் போனேன். ஷூவை என்னிடம் கொடுத்தான். "யாருக்குமே ஆகாதுண்ணே, இருந்தாலும் வச்சுக்கங்க" என்றான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "நீங்க அன்னைக்குப் பேசாம இருந்திருக்கலாம்ண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நவம்பர் 21

சென்னையிலிருந்து போன். செமி ஃபைனலில் என் ஆட்டம் பிடித்ததாம். கேம்ப்புக்கு வரச் சொன்னார்கள். கேம்ப் முடிந்ததும் வேலை, அநேகமாக உறுதி. அம்மா தெருவெல்லாம் கேசரி கொடுத்தாள். மாமா ஸ்டூலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பவுன் நின்றதால் திறந்த வழியில்தான் நான் உள்ளே போனேன். 

நவம்பர் 25

இன்னாசி சார் டைரியைக் கேட்டார். முதல் தடவையாக ஒரு கேப்டனிடம் கேட்கிறார். தொலைந்துவிட்டது என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நாளை காலை சென்னையில் இருக்க வேண்டும். சாயங்காலம் பஸ். அதற்கு முன் பவுனைப் பார்த்துவிடலாம் என்று வருசநாட்டுக்குப் போனேன். அவன் அம்மாவை இன்றுதான் பார்த்தேன். சின்ன உருவம். என் தோள் அளவுகூட இல்லை. "அவன் ஆண்டிபட்டில வெங்காய மண்டில இருக்கான்யா. வேலை கெடச்சிருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் சத்தியம் செய்தது இவர்மேல்தான்.

மண்டி வாசலில் லாரி நின்றது. தூரத்திலேயே தெரிந்தான். மூட்டையைத் தூக்கி, மற்றவர்களுக்கு எட்டாத மேல் அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தான். தலையில் துண்டு, அதே எலாஸ்டிக் கண்ணாடி. மேஸ்திரி டீ குடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "ஏணியே தேவையில்லப்பா. இந்த ஒசரத்துக்கு ஆளு கெடைக்கணுமே. பாத்த ஒடனே எடுத்துக்கிட்டேன்."

ஜூலையில் இன்னாசி சாரும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

பவுன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். உதடு வெளிறியிருந்தது.

"டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னாருல்லடா."

"ஆடக் கூடாதுன்னும் சொன்னாரு. அதை எல்லாருமா நிப்பாட்டிட்டீங்க. இதை யாருண்ணே நிப்பாட்டுறது?"

"மாத்திரை போடுறியா?"

"போட்டா கிறுகிறுன்னு வருதுண்ணே, மூட்டை தூக்க முடியல. அதனால லீவு நாளுக்கு மட்டும் போடுறேன்."

  மேஸ்திரியிடம் போய், "இவனுக்கு ஒடம்பு சரியில்லங்க. இந்த லோடை நான் ஏத்துறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு ஏத்துனா என்ன, லாரி போகணும். ஆனா ஒனக்கு ஏணி வேணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வேணாம்ண்ணே, சட்டையெல்லாம் வீணாப் போயிரும்" என்று பவுன் என் கையைப் பிடித்தான்.

"உக்காருடா" என்றேன்.

உட்கார்ந்தான். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான், அப்படியும் என் நெஞ்சு உயரம் இருந்தான். நான் முதல் மூட்டையை முதுகில் வாங்கினேன். ஏணியில் ஏறினேன். இறங்கினேன். தோள் எரிந்தது, கண்ணில் வேர்வையும் வெங்காயத் தூசும் போய்க் கரித்தது. கேம்ப்புக்கு முந்தின நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அதையும் நினைத்தேன் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருந்தான், ஜூலையில் கிரவுண்டில் இருந்த மாதிரி. தலையை நிமிர்த்தச் சொல்லி இந்தத் தடவை நான் கத்தவில்லை.

லாரி நிறைந்தது. தார்ப்பாயைக் கட்டினார்கள். நான் தரையில் சாய்ந்துவிட்டேன். பவுன் எழுந்து போய் எனக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தான். என் தோளைத் தொட்டுப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது.

"போய் நல்லா ஆடுங்கண்ணே" என்றான்.

"நீ இன்னைக்கு மாத்திரை போடு" என்றேன்.

"போடுறேண்ணே. இன்னைக்கு நான் எதுவும் தூக்கலயே."

துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். வாசலுக்கு வந்து வழியனுப்பும்போது, ஏதோ ஊர் நியாயம் பேசுகிறவன்போலச் சொன்னான்.

"நாளைக்கு ரெண்டு லாரிண்ணே."

பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.